எச்.ஐ.வி. உள்ள பெண், குழந்தை பெறத் தயாராவது: எதை முதலில், எதை அப்புறம்

நான் எச்.ஐ.வி.யோடு வாழ்பவள். என் மகளுக்கு ஒன்பது வயது. அவளுக்கு எச்.ஐ.வி. இல்லை. அவள் பிறந்த பிறகு எங்கள் மாவட்டத்தில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களின் கூட்டமைப்பான பாசிட்டிவ் நெட்வொர்க்கில் சேர்ந்து, எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) வாங்க வரும் பெண்களோடும் அவர்கள் வீட்டுக்காரரோடும் பேசி வருகிறேன்.

என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் நாள் தள்ளிப்போன பிறகுதான் வருகிறார்கள். ஆறு மாதம் முன்னதாகச் செய்திருக்க வேண்டியதை எல்லாம் ஆறு நாளில் செய்ய ஓடுகிறார்கள். எந்தப் படியும் கஷ்டமானதில்லை, வரிசை மாறும்போதுதான் சிக்கலாகிறது. அதனால் இதை வரிசையாகவே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் மருந்து வாங்கும் பெண்ணை மனதில் வைத்து எழுதியது இது. உங்கள் உடம்புக்கு ஏற்ற முடிவை உங்கள் டாக்டரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஏ.ஆர்.டி. மையத்தில் கொடுத்த பச்சைப் புத்தகம் (சிகிச்சைக் குறிப்பேடு). கடைசியாக வந்த வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு) ரிப்போர்ட். ஜெராக்ஸாக இருந்தாலும் சரி, தேதி தெரிய வேண்டும். காசநோய்க்கு எப்போதாவது மருந்து சாப்பிட்டிருந்தால் அந்தச் சீட்டு. கடைசி மூன்று மாதவிலக்குத் தேதிகள். ஒரு சின்ன நோட்டு.

நோட்டு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். இந்த வழியில் பார்க்கப் போவது ஒரு டாக்டரை மட்டுமில்லை. ஏ.ஆர்.டி. டாக்டர் சொன்னது மகப்பேறு டாக்டருக்குத் தெரியாது, அவர் எழுதிய மாத்திரை இவருக்குத் தெரியாது. இரண்டு பக்கத்தையும் அறிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

1. குழந்தை வேண்டும் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்

ஏ.ஆர்.டி. மையத்தில் கூட்டம் அதிகம். டாக்டர் எடை, இருமல், மாத்திரை மிச்சம் என்று பார்த்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். குழந்தை ஆசை இருக்கிறதா என்று அவராகக் கேட்பது அபூர்வம். நீங்கள்தான் சொல்ல வேண்டும். "அடுத்த வருஷத்துக்குள்ள குழந்தை பெத்துக்கணும்னு இருக்கோம், அதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிடுங்கள். டாக்டரிடம் தயக்கமாக இருந்தால் முதலில் கவுன்சிலரிடம் சொல்லுங்கள்.

"உனக்கெல்லாம் எதுக்குக் குழந்தை?" என்று என் முகத்துக்கு நேரே கேட்ட ஓர் ஊழியர் உண்டு. அன்று அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன், எட்டு மாதம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கு அப்போது தெரியாததை நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2017ல் இயற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக ஒருவருக்குச் சிகிச்சை மறுக்கக் கூடாது. விளக்கிச் சொல்லி உங்கள் சம்மதம் பெறாமல் எந்தச் சிகிச்சையும் செய்யக் கூடாது. கருக்கலைப்பும் குடும்பக் கட்டுப்பாடும் அதில் அடங்கும். ஒருவர் முகம் சுளித்தால் இன்னொருவரிடம் கேளுங்கள். 1097 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம்.

7ஆம் படி வரும்வரை ஆணுறையை நிறுத்த வேண்டாம். கருத்தடை ஊசி போட்டுக்கொள்பவர் இன்றே சொல்லிவிடுவது நல்லது. கடைசி ஊசிக்குப் பிறகு கரு தரிக்கும் நிலை திரும்ப ஒன்பது, பத்து மாதம்கூட ஆகலாம். காப்பர் டி என்றால் எடுத்த கையோடு உடம்பு தயாராகிவிடும் என்பதால், அதை அவசரப்பட்டு முன்கூட்டியே எடுக்காதீர்கள்.

2. கணவரின் நிலையை இன்றைய தேதியில் தெரிந்துகொள்ளுங்கள்

"அவருக்கு இல்லைங்க" என்பார்கள். எப்போது பார்த்தது என்று கேட்டால் கல்யாணமான புதிதில் என்பார்கள். அது இன்றைக்குச் செல்லாது. நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) இலவசமாகவே பரிசோதனை செய்கிறார்கள். இப்போது ஒருமுறை, அப்புறம் முயலும் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

அவருக்கு எச்.ஐ.வி. இல்லை என்றால் இரண்டு பேரைக் காக்க வேண்டும், கணவரையும் குழந்தையையும். இருவருக்கும் இருந்தால் அவருடைய வைரல் லோடும் உங்களுடையதைப் போலவே அடங்கியிருக்க வேண்டும்.

கணவருக்கு உங்கள் நிலையே தெரியாது என்றால்? இப்படி வரும் பெண்களை நான் அவசரப்படுத்துவதில்லை. அடி விழும், வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்ற பயம் பல வீடுகளில் நிஜமானது. அப்படி நியாயமான பயம் இருக்கும் இடத்தில் மருத்துவப் பணியாளர் கணவருக்குத் தகவல் சொல்லக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் அவருக்குத் தொற்றாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நமக்கு உண்டு. கவுன்சிலரை நடுவில் வைத்துச் சொல்லும் வழி உண்டு. இருவரையும் சாதாரண ரத்தப் பரிசோதனைக்கு வருவதுபோல் வரவழைத்து, ஒன்றாக உட்காரவைத்துப் பேசுவார்கள். அதற்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு நாள் மாத்திரைகூட விடாதீர்கள்.

3. வைரல் லோடு: முழு வழியும் இதன்மேல்தான் நிற்கிறது

ரத்தத்தில் ஒரு மில்லியில் எத்தனை வைரஸ் பிரதிகள் இருக்கின்றன என்பதே வைரல் லோடு. இது அடங்கினால் கணவருக்கும் போகாது, குழந்தைக்கும் போவதற்கு வாய்ப்பு மிக மிகக் குறைவு. அடங்காமல் மற்றப் படிகளை எத்தனை நன்றாகச் செய்தாலும் பயனில்லை.

வெறும் ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. 2016ல் வெளியான பார்ட்னர் ஆய்வில், ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருந்து, மருந்தால் வைரல் லோடு 200க்குக் கீழே அடங்கியிருந்த 888 இணைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆணுறை இல்லாமல் சுமார் 58,000 முறை சேர்ந்தும் இணையிடமிருந்து ஒருவருக்கும் தொற்றவில்லை. குழந்தை விஷயத்தில் பிரான்ஸில் 2000 முதல் 2011 வரை நடந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. கரு தரிப்பதற்கு முன்பே மருந்தைத் தொடங்கி, விடாமல் சாப்பிட்டு, பிரசவ நேரத்தில் வைரல் லோடு 50க்குக் கீழ் இருந்த தாய்மார்களுக்குப் பிறந்த 2,651 குழந்தைகளில் ஒன்றுக்குக்கூடத் தொற்று வரவில்லை. (அந்தத் தாய்மார் தாய்ப்பால் கொடுக்கவில்லை. பால் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.) எந்த மருந்தும் எந்தக் கவனிப்பும் இல்லாவிட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்று போகும்.

"கரு தரிப்பதற்கு முன்பே" என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படியுங்கள். கர்ப்பமான பிறகு மருந்து தொடங்குபவர்களின் குழந்தைகளும் நன்றாகத்தான் பிறக்கிறார்கள், ஆனால் முன்பே அடங்கியிருந்தால் கிடைக்கும் பாதுகாப்பு இன்னும் பெரிது. இந்த வழிகாட்டியை எழுதியதே அதற்காகத்தான்.

இனி, ரிப்போர்ட்டைப் படிப்பதில் எல்லோரும் தடுக்கும் இடம். அரசுத் திட்டத்தில் 1,000 பிரதிக்குக் கீழ் இருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். அதனால் 640 என்று வந்தாலும் கவுன்டரில் "நல்லா இருக்கும்மா" என்று சொல்லி அனுப்புவார்கள். மருந்தை மாற்ற வேண்டியதில்லை என்ற அர்த்தத்தில் அது சரி. குழந்தைக்கு முயல அது போதாது. கணவரிடம் போகாமலிருக்க 200க்குக் கீழ் வேண்டும். குழந்தைக்காக நாம் பார்க்க வேண்டியது 50க்குக் கீழ், அல்லது ரிப்போர்ட்டில் "டார்கெட் நாட் டிடெக்டட்" என்று வருவது. கருவியின் கண்ணுக்கு எட்டாத அளவு என்று பொருள். உடம்பில் வைரஸே இல்லை என்று பொருளில்லை, எனவே மருந்து தொடர வேண்டும்.

அடுத்தது தேதி. புதிதாக மருந்து தொடங்கியவருக்கு ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும், அப்புறம் ஆண்டுக்கு ஒருமுறையும் வைரல் லோடு எடுக்கிறார்கள். உங்கள் ரிப்போர்ட் பத்து மாதம் பழையதாக இருக்கலாம். நடுவில் தங்கச்சி கல்யாணத்துக்குப் போன இடத்தில் ஒரு வாரம் மாத்திரை விட்டிருக்கலாம். அந்தத் தாளை நம்பி ஆணுறையை விடக் கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுவதைக் காரணம் சொல்லிப் புதிதாக எடுத்துத் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். குறைந்தது மூன்று மாத இடைவெளியில் இரண்டு ரிப்போர்ட், இரண்டிலும் அடங்கியிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் 7ஆம் படிக்குப் போக வேண்டும்.

ஒரு தங்கை என்னிடம் வந்தாள். முதல் ரிப்போர்ட்டில் அடங்கிய சந்தோஷத்தில் அந்த மாதமே முயன்றிருக்கிறார்கள். இரண்டாவதில் 2,300. ஊருக்குப் போனபோது மாமியார் கண்ணில் படக் கூடாதென்று மாத்திரை டப்பாவை வீட்டிலேயே விட்டுப் போயிருக்கிறாள். அந்த மாதம் கரு நிற்கவில்லை. அவளுக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். மாத்திரையை எங்கே ஒளித்து வைப்பது, யார் வீட்டுக்குப் போனால் எப்படி எடுத்துப் போவது என்பதை முயலத் தொடங்கும் முன் தீர்த்துக்கொள்ளுங்கள். அவள் வைட்டமின் மாத்திரை டப்பா ஒன்றில் மாற்றி வைத்துக்கொண்டாள். டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் இருக்கும், மாற்றும்போது அதையும் சேர்த்துப் போட வேண்டும்.

4. மற்றப் பரிசோதனைகளை ஒரே சுற்றில் முடியுங்கள்

வைரல் லோடு ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கும் நாட்களை இதற்குப் பயன்படுத்தலாம்.

சிபிலிஸ் முதலான பால்வினை நோய்கள் இருவருக்கும் பார்க்க வேண்டும், இருந்தால் இருவருமே சிகிச்சை எடுக்க வேண்டும். புண்ணோ அழற்சியோ இருக்கும் இடத்தில் தொற்று எளிதாகிறது, சிபிலிஸ் குழந்தையையும் நேராகப் பாதிக்கும். மஞ்சள் காமாலை பி வைரஸ், ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை ஆகியவற்றையும் கேளுங்கள்.

காசநோய் தனியாகச் சொல்ல வேண்டியது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். காசநோய் மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின், நம் கூட்டு மருந்தில் உள்ள டோலுடெகிராவிரின் அளவைக் குறைத்துவிடும், அதனால் அந்தக் காலத்தில் டோலுடெகிராவிரைக் கூடுதலாக ஒரு வேளை தருவார்கள். அந்தச் சிகிச்சை முடிந்த பிறகு குழந்தைக்கு முயல்வதே நல்லது.

மருந்தைப் பற்றி ஒரு பயம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இப்போது பெரும்பாலோர் சாப்பிடுவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. டோலுடெகிராவிரால் குழந்தையின் முதுகுத்தண்டு பாதிக்கப்படலாம் என்று 2018ல் போட்ஸ்வானாவிலிருந்து ஒரு எச்சரிக்கை வந்தது. அதே ஆய்வு தொடர்ந்து ஆயிரக்கணக்கான பிரசவங்களைப் பார்த்தபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. கர்ப்பத்துக்கு முன்னும் கர்ப்பத்திலும் இதையே கொடுக்க இன்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பழைய வாட்ஸ்அப் செய்தியைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திய பெண்ணைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

5. சத்து மாத்திரைகளுக்கு நேரக் கணக்கு

முயலத் தொடங்குவதற்குக் குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் மூன்று மாதம் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம் வேண்டும். குழந்தையின் முதுகுத்தண்டு உருவாவது கரு நின்ற முதல் நான்கு வாரத்தில். நாள் தள்ளியதை நீங்கள் கவனிப்பதற்குள் அந்த வேலை பாதி முடிந்திருக்கும்.

அடுத்ததை நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள், சொல்லித் தருபவர்களும் குறைவு. இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில் போன்ற மருந்து மூன்றும் டோலுடெகிராவிரை வயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர விடாது. ஒரு நாளும் தவறாமல் மாத்திரை போட்டும் வைரல் லோடு ஏறுகிறதே என்று ஏழாம் மாதத்தில் திகைத்து நிற்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

விதி இது. கூட்டு மருந்தை இவற்றுக்கு 2 மணி நேரம் முன்னதாகப் போட வேண்டும், அல்லது 6 மணி நேரம் கழித்துப் போட வேண்டும். முடியவே முடியாதென்றால் இரும்பு அல்லது கால்சியத்தோடு சேர்த்து, வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே போடலாம். வெறும் வயிற்றில் இரண்டையும் சேர்க்கக் கூடாது.

கர்ப்பத்தில் கால்சியம் இருவேளை, இரும்பு ஒருவேளை கொடுப்பார்கள். இரும்பும் கால்சியமும்கூட ஒன்றாகச் சேரக் கூடாது. பலருக்கும் ஒத்துவந்த நேரம் இது: காலை 6 மணிக்கு எழுந்ததும் கூட்டு மருந்து, காலை 8.30க்கு இட்லியோ தோசையோ சாப்பிட்டுக் கால்சியம், மதியம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து இரும்பு மாத்திரை, இரவுச் சாப்பாட்டோடு இரண்டாவது கால்சியம். இப்போது இரவில் கூட்டு மருந்து போடுபவர் காலைக்கு மாறுவதை, கர்ப்பத்துக்கு முன்பே மையத்தில் சொல்லிவிட்டு மாற்றிப் பழகிக்கொள்ளுங்கள். இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு விழுங்காதீர்கள்.

6. கரு தரிக்கும் நாட்களைச் சரியாகக் கணக்கிடுங்கள்

நம் பெண்கள் நாளை எண்ணத் தொடங்குவது பெரும்பாலும் தலைக்குக் குளித்த நாளிலிருந்து. கணக்கு அங்கேயே தவறிவிடுகிறது. ரத்தப்போக்கு தொடங்கிய நாள்தான் முதல் நாள்.

அடுத்த விலக்கு வர வேண்டிய தேதிக்குச் சுமார் 14 நாள் முன்னதாக முட்டை வெளிவரும். முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான், விந்தணு உள்ளே ஐந்து நாள்வரை உயிரோடு இருக்கும். எனவே முட்டை வரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும்தான் கரு நிற்கக் கூடிய நாட்கள்.

உங்களுக்கு 30 நாள் சுற்று, 3ஆம் தேதி போக்கு தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். 16ஆம் நாள், அதாவது 18ஆம் தேதி, முட்டை வரும். முயல வேண்டியது 13 முதல் 18 வரை. ஐந்தாம் நாள் தலைக்குக் குளித்து அங்கிருந்து எண்ணினால் 17 முதல் 22 என்று வரும். ஆறு நாளில் நான்கு நாள் வீண்.

சுற்று மாதத்துக்கு மாதம் மாறுகிறதென்றால் உடம்பைப் பாருங்கள். வெள்ளைப்போக்கு முட்டை வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக, விரலில் இழுத்தால் நீளும்படி மாறும் நாட்கள்தான் அவை. மருந்துக் கடையில் கிடைக்கும் முட்டை வெளிவரும் நாளைக் காட்டும் கிட்டும் உதவும். மூன்று மாதம் நோட்டில் குறித்துப் பழகிய பிறகு தொடங்குங்கள். அதற்குள் இரண்டாவது வைரல் லோடும் வந்துவிடும்.

7. முயல்வது: இரண்டு வழிகள்

முதல் வழி, இயல்பாகச் சேர்வது. இரண்டு ரிப்போர்ட்டிலும் வைரல் லோடு அடங்கி, மாத்திரை விடாமல் போய்க்கொண்டிருந்தால், அந்த ஆறு நாளில் மட்டும் ஆணுறை இல்லாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் சேரலாம். கணவருக்கு இன்னும் பயமிருந்தால், தொற்று வராமல் அவர் முன்கூட்டியே சாப்பிடும் தடுப்பு மாத்திரை உண்டு. பிரெப் என்பார்கள். டாக்டரிடம் கேட்டு, சிறுநீரகப் பரிசோதனை செய்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது வழி, ஊசி இல்லாத சிரிஞ்சு. உங்களுக்கு எச்.ஐ.வி. இருந்து கணவருக்கு இல்லாதபோது பொருந்தும். இருவருக்கும் இருந்தால் இதனால் கூடுதல் பயன் இல்லை. உங்களுக்கு இல்லாமல் கணவருக்கு மட்டும் இருந்தால் இதைச் செய்யவே கூடாது.

செய்யும் முறை: கணவர் இரண்டு நாள் இடைவெளி விட்டு, சுத்தமான, ஈரமில்லாத, வாய் அகன்ற டப்பாவில் விந்தை எடுக்க வேண்டும். எச்சில், எண்ணெய், சோப்பு எதுவும் படக் கூடாது, விந்தணு செத்துவிடும். கால் மணி முதல் அரை மணி நேரம் அப்படியே வைத்தால் நீர்த்து வரும். பிரிட்ஜில் வைக்காதீர்கள். புதிய 5 அல்லது 10 மில்லி சிரிஞ்சில் ஊசியைப் பொருத்தாமல் மெதுவாக இழுத்து, காற்றை வெளியேற்றுங்கள். இடுப்புக்கு அடியில் தலையணை வைத்து மல்லாந்து படுத்து, சிரிஞ்சின் முனையை வலிக்காத அளவு உள்ளே விட்டு நிதானமாக அழுத்துங்கள். அரை மணி நேரம் படுத்திருங்கள். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். சிரிஞ்சு ஒருமுறைக்கு ஒன்று.

இதில் ஒரு பெரிய தப்பெண்ணம் உண்டு. "சிரிஞ்சில பண்றோமே, வைரல் லோடு எதுக்கு?" என்பார்கள். சிரிஞ்சு காப்பது கணவரை மட்டும். குழந்தை வளரப் போவது உங்கள் வயிற்றில், அதைக் காப்பது உங்கள் மாத்திரை. 3ஆம் படியை எந்த வழியிலும் தாண்ட முடியாது.

8. எத்தனை மாதம் காத்திருப்பது

35 வயதுக்குக் கீழ் என்றால் ஒரு வருடம், மேலே என்றால் ஆறு மாதம். சிரிஞ்சு முறையில் முயல்பவர் எந்த வயதிலும் ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். முதல் பரிசோதனை கணவரின் விந்துப் பரிசோதனையாக இருக்கட்டும். செலவு குறைவு, வலி இல்லை, ஆனாலும் எல்லா வீட்டிலும் பெண்ணைத்தான் முதலில் ஸ்கேனுக்கு அனுப்புகிறார்கள்.

முன்பு காசநோய் வந்தவர் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அது கருக்குழாயை அடைத்திருக்கக் கூடும். கருத்தரிப்பு மையங்களில் "ஏ.ஆர்.டி." என்றால் சோதனைக் குழாய் சிகிச்சை என்று பொருள். அங்கே போய் "நான் ஏ.ஆர்.டி.யில இருக்கேன்" என்றால் குழப்பம்தான் வரும், எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுகிறேன் என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

9. நாள் தள்ளியதும்

மாத்திரையை நிறுத்தாதீர்கள். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் நிறுத்துபவர் உண்டு. நிறுத்தினால்தான் ஆகும்.

ஆணுறையைத் திரும்பத் தொடங்குங்கள், கர்ப்பத்தில் வேறு பால்வினை நோய் வராமலிருக்க. ஏ.ஆர்.டி. மையத்துக்கும் கிராம சுகாதார செவிலியருக்கும் சொல்லி, 12 வாரத்துக்குள் பதிவு செய்து ஆர்.சி.எச். எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் மகப்பேறு உதவித்தொகைக்கும் அது வேண்டும். 

மசக்கையில் மாத்திரை போட்ட சிறிது நேரத்தில் வாந்தி வந்துவிட்டால் அந்த நாளை விட்டுவிடாமல், திரும்பப் போட வேண்டுமா என்று மையத்துக்கு போன் செய்து கேளுங்கள். தினமும் நடந்தால் வாந்திக்கு மாத்திரை தருவார்கள், பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள்.

32 முதல் 36 வாரத்துக்குள் ஒரு வைரல் லோடு கட்டாயம் எடுக்க வேண்டும். பிறந்த குழந்தைக்கு எந்த மருந்து, எத்தனை வாரம் என்பதை இந்த ரிப்போர்ட்தான் முடிவு செய்கிறது. பிரசவம் நெருங்கும் நேரத்தில் அம்மா வீட்டுக்குப் போகும் வழக்கத்தில் இது பலருக்கும் விடுபட்டுப் போகிறது. வளைகாப்புத் தேதி குறிக்கும்போதே இதற்கும் தேதி வாங்கிவிடுங்கள். அம்மா வீடு வேறு மாவட்டம் என்றால், மூன்று மாத மாத்திரையும் அங்குள்ள மையத்துக்குக் கடிதமும் கேட்டு வாங்குங்கள்.

10. பிரசவம்

வைரல் லோடு அடங்கியிருந்தால் சுகப்பிரசவமே ஆகலாம். எச்.ஐ.வி.க்காக மட்டும் வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை, மற்றப் பெண்களுக்கு என்ன காரணமோ அதே காரணம்தான் நமக்கும். எந்த மருத்துவமனை என்பதை எட்டாம் மாதத்திலேயே முடிவு செய்து, அங்கே ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வாருங்கள். பையில் மாத்திரை, பச்சைப் புத்தகம், 32 வாரத்துக்குப் பிந்தைய ரிப்போர்ட். வலி வந்த அன்றும் மாத்திரை உண்டு.

11. குழந்தைக்கான மருந்தும் தாய்ப்பாலும்

குழந்தை பிறந்ததும், முடிந்தவரை முதல் சில மணி நேரத்துக்குள், தொற்றைத் தடுக்கும் நெவிரபின் மருந்து தொடங்க வேண்டும். தாயின் வைரல் லோடு 1,000க்குக் கீழ் அடங்கியிருந்தால் ஆறு வாரம். 1,000க்கு மேல் இருந்தாலோ, பரிசோதனையே செய்யவில்லை என்றாலோ இரண்டு மருந்து தருவார்கள், தாய்ப்பால் குடித்தால் 12 வாரம். அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது, எனவே பாட்டிலோடு கொடுக்கும் சிரிஞ்சில் எந்தக் கோடுவரை என்று பேனாவால் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

தாய்ப்பால் கொடுக்கலாமா என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். நம் நாட்டுத் திட்டத்தில், தாய் மருந்தை விடாமல் சாப்பிட்டால் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு சேர்த்துக் குறைந்தது ஒரு வயதுவரை. ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் நடந்த பிராமிஸ் ஆய்வில், மருந்து சாப்பிட்டுக்கொண்டே பால் கொடுத்த தாய்மாரின் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் தொற்று வந்தது ஆயிரத்தில் ஆறு பேருக்குத்தான். பூஜ்யம் இல்லை என்பதை மறைக்க மாட்டேன். அதனால்தான் பால் கொடுக்கும் காலத்தில் மாத்திரையை இன்னும் கவனமாகப் பார்க்கச் சொல்கிறேன்.

"தாய்ப்பால் மட்டும்" என்றால் டாக்டர் தரும் மருந்தைத் தவிர வேறு எதுவும் வாயில் போகக் கூடாது. பிறந்ததும் சேனை வைப்பது, தேன் தடவுவது, சர்க்கரைத் தண்ணீர், உரை மருந்து, இடையில் பால் பவுடர், எதுவும் கூடாது. குழந்தையின் குடல் உட்பூச்சு மென்மையானது, மற்றவை அதைப் புண்ணாக்கும்போது வைரஸ் நுழைய வழி கிடைக்கிறது. பாட்டிமாரிடம் காரணம் சொல்ல முடியாத வீடுகளில் "டாக்டர் ஆறு மாசம் எதுவும் தரக் கூடாதுன்னு சொல்லிட்டாரு" என்றால் போதும், எல்லாக் குழந்தைக்கும் சொல்லும் அறிவுரை அது. மார்பில் வெடிப்பு, சீழ், காய்ச்சல் வந்தால் அந்தப் பக்கம் கொடுக்காமல் பீய்ச்சிக் கொட்டிவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள்.

12. குழந்தையின் பரிசோதனைகள்

ஆறாம் வாரம், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், பதினெட்டாம் மாதம். முதல் மூன்றில் குதிகாலிலோ விரலிலோ குத்திச் சில சொட்டு ரத்தம் எடுத்து வைரஸே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆறாம் வாரத்திலிருந்து கோட்ரைமாக்ஸசோல் என்ற மருந்தும் தருவார்கள், குழந்தைக்குத் தொற்று இல்லை என்று உறுதியாகும்வரை. தடுப்பூசிகள் வழக்கம்போல்.

நடுவில் பொறுக்க முடியாமல் பிரைவேட் லேபில் சாதாரண எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்காதீர்கள். அது பார்ப்பது ஆன்டிபாடிகளை, அதாவது வைரஸை எதிர்க்க உடம்பு உருவாக்கும் புரதங்களை. உங்கள் ஆன்டிபாடிகள் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய், 18 மாதம்வரைகூட அதன் ரத்தத்தில் இருக்கும். தொற்றே இல்லாத குழந்தைக்கும் "பாசிட்டிவ்" என்று வரும். நான்காம் மாதத்தில் அப்படி ஒரு தாளை வைத்துக்கொண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்த தாயை எனக்குத் தெரியும். அவள் மகன் இப்போது பள்ளிக்குப் போகிறான், அவனுக்குத் தொற்று இல்லை.

ஒரு பரிசோதனையில் தொற்று இருப்பதாக வந்தால், இரண்டாவது மாதிரி எடுத்து உறுதி செய்வார்கள், ஆனால் குழந்தைக்கு மருந்தை அதுவரை தள்ளிப் போடமாட்டார்கள். சீக்கிரம் தொடங்கினால் குழந்தை நன்றாக வளரும்.

ஆறாம் வாரம் "இல்லை" என்று வந்ததும் பலர் மையத்துக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். தாய்ப்பால் தொடரும்வரை முடிவு முடிவாகாது. 18 மாதம் ஆன பிறகு, பால் நிறுத்தி மூன்று மாதமாவது ஆனதும் எடுக்கும் பரிசோதனைதான் கடைசி. அந்தத் தாளின் ஒரு பிரதியை உங்கள் பச்சைப் புத்தகத்துக்குள் வையுங்கள், இன்னொன்றைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு வையுங்கள். இரண்டாவது குழந்தை வேண்டுமென்றால், அன்றைக்கே கவுன்சிலரிடம் அடுத்த வைரல் லோடு தேதியைக் கேட்டு வாங்கி வாருங்கள்.